தூரமும் நேரமும்: ஒரு பரீட்சைக் கணக்கின் பழைய வழித்தடம்

தெல்தோட்டையில் யாரிடமாவது "கண்டிக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீற்றரில் பதில் சொல்பவர் அரிது. "பஸ்ஸுல போனா ஒண்டர மணித்தியாலம்" என்பார் ஒருவர். "கலஹாவில நிப்பாட்டி வச்சிட்டானென்டா இன்னும் கூட" என்பார் பக்கத்தில் நிற்பவர். கேட்டது தூரம், கிடைத்தது நேரம். மலைநாட்டாருக்கு இந்தப் பதிலே போதுமானது. வளைவும் ஏற்றமும் நிறைந்த பாதையில் கிலோமீற்றர்க் கணக்கை வைத்து, ஜனாஸாவுக்குப் போய்ச் சேரலாமா, ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்கலாமா என்று யாராலும் சொல்ல முடியாது. மணித்தியாலத்தை வைத்துத்தான் சொல்லலாம்.

ஆனால் இதே ஊர்ப் பிள்ளை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் உட்காரும்போது, தூரம் வேறு, நேரம் வேறு, கதி வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டியவராகிறார். பேச்சில் ஒன்றாகக் கிடந்த மூன்றும் அங்கே மூன்று கணியங்களாக நிற்கின்றன. இந்தப் பிரிப்பு மனித வரலாற்றில் எப்படி நிகழ்ந்தது, அதில் முஸ்லிம்களின் பங்கு எது, கண்டிச் சீமை முஸ்லிம்களின் வாழ்வோடு அதற்கு என்ன தொடர்பு என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கா, தமிழா?

நான் தமிழ் படிப்பிப்பவன். கணித ஆசிரியர் இல்லாத பாடவேளைகளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போன பழக்கத்தில்தான் இந்த விடயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கரும்பலகையில் இப்படி எழுதினேன்: "ஒரு பஸ் மணிக்கு 20 கிலோமீற்றர் கதியில் மலையேறுகிறது. அதே பாதையில் மணிக்கு 30 கிலோமீற்றர் கதியில் இறங்குகிறது. முழுப் பயணத்தின் சராசரிக் கதி என்ன?"

"கூட்டி ரெண்டால பிரிச்சா இருபத்தஞ்சு சேர்" என்று ஏறக்குறைய வகுப்பே சொன்னது.

விடை 24. பாதையின் நீளம் 30 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஏற ஒன்றரை மணித்தியாலம், இறங்க ஒரு மணித்தியாலம். ஆக 60 கிலோமீற்றர், இரண்டரை மணித்தியாலம். வகுத்தால் 24. பாதை 30 ஆனாலென்ன, 300 ஆனாலென்ன, விடை மாறாது. பஸ் மெதுவாகப் போன நேரம் கூட. வேகமாக வந்த நேரம் குறைவு. அதனால் சராசரி மெதுவின் பக்கம் சாய்கிறது. இதை விளங்கப்படுத்தியபோது பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "அப்ப இது கணக்கா தமிழா சேர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதே மாணவரிடம் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் தீர்த்துவிடுவார். சமன்பாட்டை உருவாக்கத்தான் முடிவதில்லை. "முன்னர் புறப்பட்ட", "எதிர்த்திசையில்", "பிந்தி வந்தடைந்தது" ஆகிய சொற்றொடர்கள் எதைக் கூட்டச் சொல்கின்றன, எதைக் கழிக்கச் சொல்கின்றன என்பது பிடிபடுவதில்லை. வாசித்து விளங்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சொற்களுக்குள் கலந்து கிடந்த தூரமும் நேரமும்

தூரத்தை நேரத்தால் சொல்வது நமது ஊர்ப் பழக்கம் மட்டுமன்று. தமிழில் 'நாழிகை வழி' என்றொரு அளவு உண்டு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஆள் நடந்து கடக்கும் தூரம் அது. மைலில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை. 'கூப்பிடு தூரம்' என்பது குரல் எட்டுகிற தூரம். இப்படி உடம்பைக் கொண்டு தூரத்தை அளந்த சொற்களோடு, காதம், யோசனை முதலிய பெரிய அளவுகளும் இருந்தன. பின்னர் வெள்ளைக்காரன் பாதையோரத்தில் மைற்கல் நட்டான். நாம் அதைக் 'கட்டை' ஆக்கிக்கொண்டோம். மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பிறகும் மலைநாட்டில் 'நாலாங் கட்டை', 'ஆறாங் கட்டை' என்ற இடப்பெயர்கள் இன்னும் வாழ்கின்றன.

'நாழிகை வழி' என்ற சொல்லில் ஒரு கதி ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடக்கிறவரைக்கும் தூரத்துக்கும் நேரத்துக்கும் ஒரே சொல் போதும். குதிரைக்காரன் ஒருவன் பின்னால் வந்து முந்திச் செல்லும்போதுதான், ஒரே தூரத்துக்கு இரண்டு நேரங்கள் உண்டாகின்றன. கணக்கும் அங்கேதான் பிறக்கிறது.

துரத்துவதும் சந்திப்பதும்

உலகின் பழைய கணித நூல்களைப் பார்த்தால், இவ்வகைக் கணக்குகள் இரண்டே கேள்விகளைச் சுற்றி வருகின்றன. பின்னால் வருபவன் முன்னால் போனவனை எப்போது பிடிப்பான்? எதிரெதிராக வரும் இருவர் எங்கே சந்திப்பர்?

சீனாவில் கி.பி. முதலாம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூலில் இரண்டுமே உள்ளன. நன்றாக நடப்பவன் 100 அடி வைக்கும் நேரத்தில் மெதுவாக நடப்பவன் 60 அடி வைக்கிறான். மெதுவானவன் 100 அடி முன்னே நிற்கிறான். எத்தனை அடியில் பிடிபடுவான்? ஒவ்வொரு 100 அடிக்கும் இடைவெளி 40 குறைகிறது. ஆகவே 250 அடியில் பிடிபடுவான். இன்னொன்று பறவைக் கணக்கு. தென்கடலிலிருந்து வடகடலுக்கு ஒரு பறவை 7 நாளில் பறக்கிறது. வடகடலிலிருந்து தென்கடலுக்கு வேறொரு பறவை 9 நாளில் பறக்கிறது. ஒரே நேரத்தில் புறப்பட்டால் எப்போது சந்திக்கும்? முதலாவது பறவை ஒரு நாளில் வழியில் ஏழில் ஒரு பங்கையும், இரண்டாவது ஒன்பதில் ஒரு பங்கையும் கடக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 63இல் 16 பங்கு. எனவே 3 நாளும் இன்னொரு நாளின் 16இல் 15 பங்கும் ஆகும். இக்கணக்கில் தூரம் சொல்லப்படவேயில்லை. "தூரம் தரல்லியே, எப்பிடி சேர் செய்யிற?" என்று முறையிடும் மாணவர் இதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

இந்தியாவில் ஆரியபட்டர் 499இல் எழுதிய ஆரியபட்டீயம் இரண்டு கேள்விகளுக்கும் பொதுவான விதியைத் தந்துவிடுகிறது. எதிரெதிராக வந்தால் இடைவெளியைக் கதிகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் சென்றால் கதிகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். அவர் வானத்துக் கோள்களை மனத்தில் வைத்துச் சொன்னார். கண்டியிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் எதிரெதிராகப் புறப்படும் இரு பஸ்களுக்கும் அதே விதிதான். அவர் பயன்படுத்திய சொல் 'கதி'. இன்று இலங்கைப் பாடநூல்களில் நமது பிள்ளைகள் எழுதுவதும் அதே சொல். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஒரு கலைச்சொல் பொருள் பிசகாமல் வந்திருக்கிறது.

1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் மயிலும் பாம்பும் வருகின்றன. 9 முழத் தூணின் உச்சியில் மயில். தூணின் அடியில் பாம்பின் பொந்து. பொந்திலிருந்து 27 முழத்துக்கு அப்பால் பாம்பு பொந்தை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இருவரும் கடந்தது சம தூரம். எங்கே பிடிபடும்? பொந்திலிருந்து 12 முழத்தில். கதி என்ற எண் இக்கணக்கில் இல்லவேயில்லை. ஆனால் சம நேரத்தில் சம தூரம் என்றால் சம கதி என்ற எண்ணம்தான் கணக்கின் முதுகெலும்பு.

ஐரோப்பாவில் அல்குயின் என்ற பாதிரியாரின் பெயரில், ஏறக்குறைய 800ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட கணக்குகளிலும் ஒரு நாய் முயலைத் துரத்துகிறது. முயல் 150 அடி முன்னே நிற்கிறது. நாயின் பாய்ச்சல் 9 அடி, முயலுடையது 7 அடி. 75 பாய்ச்சலில் பிடிபடும்.

அல்ஜப்ர்: எது நமது பங்கு?

இவ்விடத்தில் நம்மவர் சிலரின் எழுத்துகளில் காணப்படும் ஒரு போக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கணிதம் என்றதும் "எல்லாம் நம்மவர் கண்டுபிடிப்பு" என்று எழுதிவிடுகிறோம். மேலே சொன்ன துரத்தல் கணக்குகளும் சந்திப்புக் கணக்குகளும் இஸ்லாத்தின் வருகைக்கு முன்பே சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தவை. அவற்றுக்கு உரிமை கோருவது வரலாறாகாது.

நமது பங்கு வேறிடத்தில் இருக்கிறது. கலீபா மஃமூனின் காலத்தில் (813 - 833) பக்தாதில் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அல்ஜப்ர், வல்முகாபலா பற்றிய தமது நூலை எழுதினார். 'ஜப்ர்' என்றால் முறிந்ததைச் சேர்த்தல். கழித்தலாக நிற்பதை மறுபக்கத்தில் கூட்டிச் சீர்செய்தல். எலும்பு முறிவைக் கட்டுவதற்கும் அதே சொல்தான். ஸ்பானிய மொழியில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்பது நெடுங்காலம் முறிவு வைத்தியரைக் குறித்தது. 'முகாபலா' என்பது இரு பக்கத்திலும் உள்ளவற்றை நேருக்கு நேர் வைத்துக் கழித்தல்.

அந்நூலின் பிற்பகுதியை நிறைப்பவை பிரயாணக் கணக்குகளல்ல. வஸிய்யத்தும் வாரிசுப் பங்குமே. மையித்துக்குக் கடன் இருக்கிறது, மகனிடம் வரவேண்டிய பணம் இருக்கிறது, ஒருவருக்கு வஸிய்யத் செய்யப்பட்டிருக்கிறது; யாருக்கு எவ்வளவு? இதைத் தீர்க்க, தெரியாத ஒன்றுக்கு 'ஷய்' (பொருள்) என்று பெயரிட்டு, அதைத் தெரிந்ததுபோலப் பாவித்துக் கணக்கை நகர்த்தினார். வாரிசுக்குச் செய்த அதே வேலையைப் பயணத்துக்கும் செய்யலாம், காணிக்கும் செய்யலாம். தனித்தனிக் கணக்குகளுக்குத் தனித்தனி உபாயம் என்றிருந்த இடத்தில், எல்லாவற்றுக்கும் ஒரே பாதை என்ற ஒழுங்கு வந்தது. 1145இல் இந்நூல் லத்தீனுக்குப் போனது. அப்பாதையின் பெயர் இன்றும் ஐரோப்பிய மொழிகளில் 'அல்ஜிப்ரா'. நமது பாடநூல்களில் அட்சரகணிதம்.

ஆனால் அல்குவாரிஸ்மியின் நூலில் அட்சரமே கிடையாது. எக்ஸ் இல்லை, சமன் குறி இல்லை. எல்லாம் வசனத்தில்தான். எக்ஸ், வை, இஸட் என்ற எழுத்துகளை தெரியாதவற்றுக்கு வழக்கமாக்கியவர் டெக்கார்ட், 1637இல். 'ஷய்' என்பதுதான் எக்ஸ் ஆனது என்று அடிக்கடி சொல்லப்படும் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. உறுதியானது இதுதான்: அட்சரகணிதம் வசனக் கணக்காகவே பிறந்தது. நமது பிள்ளைகள் பயப்படும் அந்தப் பகுதிதான் அதன் தாய்வீடு.

இன்னொரு சொல்லையும் தமிழாசிரியன் என்ற முறையில் சுட்ட வேண்டும். கணக்கில் ஒரு வினாவுக்கு அரபியில் 'மஸ்அலா' என்பர். மார்க்கச் சட்டக் கேள்விக்கும் அதே சொல். தமிழிலே முழுமையாகக் கிடைக்கும் முதல் முஸ்லிம் இலக்கியமான, வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' (1572) கேள்வியும் பதிலுமாக அமைந்தது. வினா விடுத்து விளக்கம் தேடும் மரபு நமக்கு அந்நியமானதல்ல.

நொடியில் கடந்தாலும் கஸ்ரு

தூரத்தையும் நேரத்தையும் பிரித்துப் பார்த்த மிகத் தெளிவான இடம் நமது கிதாபுகளிலேயே இருக்கிறது. பிரயாணத்தில் தொழுகையைச் சுருக்கும் கஸ்ருச் சட்டம்தான் அது. ஷாபிஈ மத்ஹபில் இதற்கான தூரம் இரண்டு மர்ஹலா. பொதி சுமந்த பிராணிகள் நடுத்தர நடையில் இரண்டு நாள் செல்லும் தூரம் அது. அதாவது நேரத்தால் சொல்லப்பட்ட தூரம், நமது நாழிகை வழி போலத்தான். ஆனால் இமாம்கள் அத்தோடு நிறுத்தவில்லை. அதை 4 பரீத், 16 பர்ஸக், 48 ஹாஷிமி மைல் என்று அளவாக்கினர். ஒரு பர்ஸக் 3 மைல். ஒரு பரீத் 4 பர்ஸக், அதாவது 12 மைல்.

இங்கே ஒரு மஸ்அலா எழுகிறது. ஒருவர் அதே தூரத்தைக் கப்பலில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டால்? இமாம் நவவி (ரஹ்) தமது மின்ஹாஜில் விடை சொல்லிவிட்டார். கடலும் கரையைப் போலத்தான். ஒரு மணியில் கடந்தாலும் கஸ்ரு செய்யலாம். சட்டம் தூரத்தைப் பொறுத்தது, நேரத்தைப் பொறுத்ததல்ல. நவவி இமாம் வபாத்தானது 1277இல். கொழும்புக்குப் புகையிரதத்தில் போகிறவரும், விமானத்தில் ஜித்தாவுக்குப் போகிறவரும் இன்று கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு வரி போதும். கதி மாறினால் நேரம் மாறும், தூரம் மாறாது என்ற பாடநூல் உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மேலே வந்த 'பரீத்' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. இன்றைய அரபியில் பரீத் என்றால் தபால். கலீபாக்களின் காலத்தில் தபால் குதிரைகள் மாற்றப்படும் நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் அப்பெயரால் வழங்கியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பரீத் துறையில் அதிகாரியாக இருந்த இப்னு குர்தாத்பிஹ் எழுதிய 'வழிகளும் நாடுகளும்' என்ற நூல், ஊருக்கு ஊர் இத்தனை பர்ஸக் என்று நிரல்படுத்துகிறது. அதில் ஸரந்தீபும் ஆதம் மலையும் இடம்பெற்றுள்ளன. தபால்காரனுக்குத் தூரம் தெரிய வேண்டும். எப்போது போய்ச் சேர்வான் என்றும் தெரிய வேண்டும். இக்கணக்குகளின் தேவை அப்படித்தான் வளர்ந்தது.

மடிகேயிலிருந்து புகையிரதம் வரை

அந்த ஸரந்தீபின் மலைநாட்டில் இந்தத் தேவை யாருடையது? கண்டி இராச்சியத்தில் போக்குவரத்துக்குப் பொறுப்பான பிரிவுக்கு 'மடிகே பத்த' என்று பெயர். பொதிமாடுகளைக் கொண்டு பொருள் ஏற்றி இறக்கும் அச்சேவையில் முஸ்லிம்கள் பெரும் பங்கு வகித்தனர் என்பதைக் கலாநிதி லோர்னா தேவராஜா தமது நூலில் (1994) விரிவாக எழுதியுள்ளார். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வந்தன. மலையிலிருந்து பாக்கு கீழே போனது. வண்டி போகாத ஒற்றையடிப் பாதைகளில் மாடுகள் வரிசையாகச் செல்லும் அந்தக் கூட்டமே 'தவலம்'. கலகெதரைப் பக்கத்து மடிகே போன்ற ஊர்ப் பெயர்களில் அந்தச் சேவையின் நினைவு இன்னும் நிற்கிறது.

தவலக்காரனின் பிழைப்பே தூரம், நேரம், கதி மூன்றிலும் தங்கியிருந்தது. மாடு ஒரு நாளில் எவ்வளவு நடக்கும், எங்கே தண்ணீர், மழைக்கு முன் எந்த ஆற்றைக் கடக்க வேண்டும் என்பது தெரியாமல் பொதி ஏற்ற முடியாது. எழுத்துக் கணக்கு அவனிடம் இருந்ததோ இல்லையோ, மனக்கணக்கு இருந்தேயாக வேண்டும்.

1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் பாதை வெட்டினர். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 72 மைல் பாதை. அதன்பின் மலைகளில் கோப்பி பரவியது. தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டங்களின் கோப்பியும் மாட்டு வண்டிகளை நம்பியே கொழும்புத் துறைமுகத்துக்குப் போனது. வண்டி மெதுவாகப் போவதால் பணம் வழியில் முடங்கிக் கிடக்கிறது என்பதே தோட்டத் துரைமார் புகையிரதம் கேட்டதற்கான காரணம். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பகுதியில் 45 அடிக்கு ஓரடி உயர்கிறது. அங்கே வண்டி ஊர்ந்துதான் ஏறும். சமவெளியில் ஒரு கதி, ஏற்றத்தில் ஒரு கதி. எனது வகுப்பில் எழுதிய சராசரிக் கதிக் கணக்கு அந்தத் தண்டவாளத்தில் நாள்தோறும் ஓடியது.

அதே 1867இல்தான் தெல்தோட்டைக்கு அயலிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டில் கோப்பியில் நோய் கண்டது. கோப்பிக்காக இட்ட தண்டவாளம் தேயிலையைச் சுமக்கலாயிற்று. ஆனால் 1892இல் டெய்லர் இறந்தபோது அவரது உடல் தோட்டத்திலிருந்து கண்டி மஹய்யாவ மயானத்துக்குத் தொழிலாளரின் தோள்களிலேயே போனது. 12 பேர் கொண்ட இரு குழுக்கள் மாறி மாறிச் சுமந்தன. கண்டிக்குப் புகையிரதம் வந்து 25 ஆண்டு கழிந்தபின்னும், நமது மலைகளில் தூரத்தை மனிதக் கால்களே அளந்துகொண்டிருந்தன.

வகுப்பறைக்கு

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கணிதத்தில் சித்தியில்லாமல் உயர்தர வகுப்புக்குப் போகும் வழி அடைபடும் பிள்ளைகள் நம்மத்தியில் உள்ளனர். நன்றாகத் தமிழ் எழுதும் பிள்ளையும் அதில் அடங்கும். தூரம், கதி, நேரம் மூன்றையும் ஒரு முக்கோணத்துக்குள் எழுதி, "இதை மறைச்சா இது வரும்" என்று மனனம் செய்விக்கிறோம். வசனம் சற்று மாறினால் முக்கோணம் கைவிட்டுவிடுகிறது.

மாறாக இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். ஸுப்ஹு தொழுதவுடன் ஒரு தவலம் மணிக்கு 2 மைல் நடையில் புறப்படுகிறது. 4 மணித்தியாலம் கழித்து அதே பாதையில் ஒரு குதிரைக்காரன் மணிக்கு 6 மைல் கதியில் வருகிறான். எப்போது பிடிப்பான்? தெரியாததற்குப் பெயர் வைப்போம். குதிரைக்காரன் சென்ற நேரம் 'ந' மணித்தியாலம். தவலம் நடந்தது 'ந'வும் நாலும். பிடிக்கும் இடத்தில் இருவரின் தூரமும் ஒன்று. எனவே 6 தடவை 'ந' என்பது, 2 தடவை 'ந'வும் எட்டும். இரு பக்கத்திலும் 2 'ந'வை நீக்கினால், அதுதான் முகாபலா, 4 தடவை 'ந' எட்டு. 'ந' இரண்டு. குதிரைக்காரன் புறப்பட்டு 2 மணித்தியாலத்தில், 12ஆவது மைலில் பிடிப்பான். ஆரியபட்டரின் விதியும் அதையே தருகிறது: இடைவெளி 8, கதி வித்தியாசம் 4. இரு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பிள்ளை தன் கையால் கண்டுகொள்ளட்டும்.

கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளை சேர்ந்து இருந்து, பழைய வினாத்தாள்களின் வசனக் கணக்குகளை முதலில் வாசிப்புப் பாடமாக நடத்தலாம். விடை வேண்டாம். யார் முந்திப் புறப்பட்டது, எது இருவருக்கும் சமம், எது சொல்லப்படவில்லை என்ற மூன்றை மட்டும் பிள்ளை சொல்லட்டும். ஊரிலுள்ள முதியோரிடம் பழைய தவலப் பாதைகளையும், எந்த ஊருக்கு எத்தனை நாள் நடை என்பதையும் கேட்டு எழுதி வரச் செய்யலாம். அது கணக்குக்கும் உதவும். இன்னும் எழுதப்படாமல் கிடக்கும் நமது ஊர்களின் வரலாற்றுக்கும் உதவும். அந்தப் பாதைகளை நினைவில் வைத்திருப்போர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். இந்த வேலையை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.